அதே மாத்திரை, அதே அளவு: அம்மாவுக்கு ஐஎன்ஆர் 2.9லிருந்து 5.1 ஆனது எப்படி?

மேலூரான் (இழையைத் தொடங்கியவர்)

அம்மாவுக்கு 58 வயசு. மூணு வருஷத்துக்கு முன்னாடி இதயத்துல மைட்ரல் வால்வை எடுத்துட்டு மெட்டல் வால்வு வெச்சாங்க. அன்னையிலேர்ந்து தினம் சாயங்காலம் அசெனோகூமரால் 2 மி.கி., ரத்தம் உறையாம இருக்க. மாசம் ஒரு தடவை ஐஎன்ஆர் பார்ப்போம். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகுதுன்னு சொல்ற டெஸ்ட் அது, எண் ஏற ஏற ரத்தம் கசியுற ஆபத்து. போன மாசம் 2.9, டாக்டருக்கு ரொம்ப திருப்தி. நேத்து 5.1. லேப்காரர் போன் போட்டு "உடனே டாக்டரைப் பாருங்க"ன்னதும் எங்க யாருக்கும் கை கால் ஓடலை.

டாக்டர் ஈறுல ரத்தம் வருதா, மலம் கறுப்பா போகுதா, தலைவலி இருக்கான்னு வரிசையா கேட்டார். எதுவும் இல்லை. "ரெண்டு நாள் மாத்திரையை நிறுத்துங்க, மூணாம் நாள் திரும்ப டெஸ்ட் பண்ணுங்க"ன்னு அனுப்பிட்டார். வெளியே நாப்பது பேர் உட்கார்ந்திருந்தாங்க, நான் நினைச்சதைக் கேட்க முடியல.

சந்தேகம் ரெண்டு. ஒரு நாள்கூட மாத்திரை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அட்டையை எண்ணிப் பார்த்துட்டேன். அப்புறம் எப்படி ஏறும்? இவ்வளவு ஏறின பிறகும் இறக்குறதுக்கு ஊசி எதுவும் போடாம ஏன் ரெண்டு நாள் காத்திருக்கச் சொல்றார்?

மருந்துக்கடை_சேகர்

தம்பி, முதல்ல ஒண்ணு. கடந்த பத்து நாள்ல அம்மா வேற ஏதாவது மாத்திரை போட்டாங்களா? மூட்டு வலி, சளி, வயிறு, பல்? கடையில நானே வாரத்துக்கு ரெண்டு பேரைப் பார்க்கிறேன். "ரத்தம் மெலிசாக்குற மாத்திரை சாப்பிடுறேன்"னு சொல்லாம டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை கேட்பாங்க.

மேலூரான்

இல்லைண்ணே. சுகர் மாத்திரைகூட கிடையாது. இது ஒண்ணுதான்.

மட்டுறுத்துனர்

வழக்கமான நினைவூட்டல்: இங்கே படிச்சிட்டு யாரும் மாத்திரை அளவை மாத்தாதீங்க. விளக்கம் பேசலாம், மருந்துச் சீட்டு எழுத வேண்டாம்.

பாடம்_முடிந்தது

மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். உங்கள் இரண்டாம் கேள்வியில் தொடங்குகிறேன், முதலாவதற்கு விடை தானாக வரும்.

தம்பி, இந்த மாத்திரை ரத்தத்தை "மெலிசாக்குவது" இல்லை. கடைத்தெருவில் அப்படித்தான் சொல்கிறோம், நானும் என் வீட்டில் அப்படித்தான் சொல்வேன். ஆனால் ரத்தத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் எதையும் இது தொடுவதே கிடையாது. இதன் வேலை கல்லீரலில்.

ரத்தம் உறையத் தேவையான காரணிகளில் நான்கை (2, 7, 9, 10 என்று எண் போட்டுச் சொல்வோம்) கல்லீரல் தயாரிக்கும்போது கடைசியாக ஒரு மெருகு போட வேண்டும். அந்த மெருகு இல்லாவிட்டால் கால்சியத்தைப் பிடிக்காது, உறைதலில் சேராது. மெருகு போட வைட்டமின் கே தேவை. வைட்டமின் கேயைச் சமையல் கேஸ் சிலிண்டராக நினைத்துக்கொள்ளுங்கள். சமைத்ததும் சிலிண்டர் காலி. காலிச் சிலிண்டரை நிரப்பித் திரும்பத் தரும் ஏஜென்சி ஒன்று கல்லீரலில் இருக்கிறது. விகேஓஆர் என்ற நொதி. அசெனோகூமரால், அதே குடும்பத்து மருந்தான வார்ஃபரின் இரண்டுமே அந்த ஏஜென்சியின் ஷட்டரை இறக்குகின்றன. வீட்டில் இருக்கும் ஒன்றிரண்டு சிலிண்டர் தீர்ந்ததும் அடுப்பு எரியாது.

ஆனால் அடுப்பு அணைந்த அன்றே பசி தெரியுமா? ஏற்கெனவே சமைத்து வைத்தது தீர வேண்டும். 7ஆம் காரணி சுமார் 6 மணி நேரத்தில் பாதியாகும். 2ஆம் காரணி பாதியாக 60 மணி நேரத்துக்கும் மேல். அதனால்தான் அறுவை சிகிச்சை முடிந்ததும் முதல் சில நாட்கள் அம்மாவுக்கு உடனே வேலை செய்யும் ஹெப்பாரின் ஊசியும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். மாத்திரை முழுப் பலன் தர ஐந்து நாளாவது ஆகும்.

நிறுத்தும்போதும் இதே கதை, தலைகீழாக. மருந்து வெளியேற வேண்டும், ஏஜென்சி திறக்க வேண்டும், புதிதாகச் சமைக்க வேண்டும். ஊசி, அதாவது நிறைய வைட்டமின் கே, எங்கிருந்தோ ஒரு லாரி நிறைய புதுச் சிலிண்டர் கொண்டுவந்து இறக்குவது மாதிரி. ரத்தக்கசிவு இருந்தால் அதுதான் உயிர் காக்கும். கசிவு இல்லாதபோது மெட்டல் வால்வுக்காரருக்கு லாரியை இறக்கினால் ஐஎன்ஆர் சடாரென விழும், வால்வில் ரத்தக்கட்டி உட்காரலாம், அந்தச் சிலிண்டரெல்லாம் தீரும்வரை ஒரு வாரத்துக்கு மேல் மாத்திரை எடுபடாது. உங்கள் டாக்டர் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

பி_ஃபார்ம்_மூன்றாமாண்டு

மேடம், செம விளக்கம். ஒரு சேர்க்கை: அசெனோகூமராலின் அரை ஆயுள் (ரத்தத்துல மருந்து பாதியா குறைய ஆகுற நேரம்) 40 மணி நேரம். அரை ஆயுளைப் போல ஐந்து மடங்கு நேரத்தில்தான் மருந்து உடம்பை விட்டுப் போகும்னு படிச்சிருக்கோம். அப்போ 200 மணி நேரம், எட்டு நாள். டாக்டர் சொன்ன ரெண்டு நாள் பத்தாதே?

பாடம்_முடிந்தது

ஐந்து மடங்குக் கணக்கு சரி. எண்தான் தப்பு. 40 மணி நேரம் என்பது வார்ஃபரினுக்கு. அசெனோகூமராலுக்கு 8 முதல் 11 மணி நேரம். ஐந்தால் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய இரண்டு நாள். டாக்டர் வாயில் "ரெண்டு நாள்" வந்தது அதனால்தான். அமெரிக்கப் பாடநூலில் வார்ஃபரின் மட்டுமே இருக்கும். நம் ஊரில் அதிகம் எழுதுவது அசெனோகூமரால். தேர்வில் இப்படி எழுதினால் நான் அரை மதிப்பெண் குறைப்பேன்.

மருந்துக்கடை_சேகர்

ரெண்டையும் மி.கி.க்கு மி.கி. மாத்தவும் முடியாது. "ரத்தம் உறையாம இருக்குற மாத்திரை 2 கொடுங்க"ன்னு வெறுமனே கேட்டா நான் தர மாட்டேன், பழைய அட்டையைக் கொண்டுவான்னு அனுப்பிடுவேன். அசெனோகூமரால்லேயே 1, 2, 3, 4 மி.கி.ன்னு வருது. கரன்ட் போன நேரத்துல 1க்குப் பதிலா 4 எடுத்தா என்ன ஆகும்?

பச்சிலை_பாரி

யாரும் சொல்லாத ஒண்ணை நான் சொல்றேன். இந்த வார்ஃபரின் எலி மருந்து. எலிக்கு வெச்சா உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிஞ்சு சாகும். அதே சரக்கைத்தான் அம்மாவுக்கு வாழ்நாள் பூரா கொடுக்கிறீங்க. இயற்கையா ஏதாவது பார்த்தா என்ன?

வால்வுக்காரி

பாரி சார், 2007ல எனக்கு வால்வு வெச்சாங்க, திருவனந்தபுரத்துல ஸ்ரீ சித்திரைத் திருநாள் இன்ஸ்டிட்யூட் உருவாக்கின சித்ரா வால்வு. சின்ன வயசுல தொண்டை வலி, மூட்டு வீக்கம்னு வந்த ருமாட்டிக் காய்ச்சலைக் கவனிக்காம விட்டதுல போன வால்வு. ராத்திரி ஊர் அடங்கினதும் நெஞ்சுக்குள்ள டிக் டிக்னு கேட்கும். என் பொண்ணு குழந்தையில அந்தச் சத்தத்துலதான் தூங்குவா. எலி மருந்தோ புலி மருந்தோ, இந்த மாத்திரையை ரெண்டு வாரம் விட்டா அந்தச் சத்தம் நின்னு போக வாய்ப்பிருக்கு. நான் விடப் போறதில்லை.

பாடம்_முடிந்தது

பாரி சொன்னது பொய் இல்லை. ஆனால் கதையை நடுவிலிருந்து சொல்கிறார்.

1920களில் கனடாவிலும் வட அமெரிக்கச் சமவெளிகளிலும் மாடுகள் காரணம் தெரியாமல் ரத்தம் கசிந்து செத்தன. கொம்பு சீவினாலே ரத்தம் நிற்காது. ஸ்வீட் கிளோவர் என்ற தீவனச் செடியின் வைக்கோல் ஈரத்தில் பூசணம் பிடித்திருந்தால்தான் அப்படி ஆகிறது என்று ஸ்கோஃபீல்ட் என்ற கால்நடை மருத்துவர் கண்டுபிடித்தார். 1933 பிப்ரவரியில், கடும் பனிப்புயலில், விஸ்கான்சின் விவசாயி ஒருவர் செத்த கிடாரி, உறையாத ரத்தம் நிறைந்த பால்கேன், கொஞ்சம் வைக்கோல் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு வந்தார். திறந்திருந்தது கார்ல் பால் லிங்க் என்பவரின் ஆய்வுக்கூடம். அந்த வைக்கோலிலிருந்து மூலப்பொருளைப் பிரித்தெடுக்க அவர்களுக்கு ஆறு வருடம் பிடித்தது. டைகூமரால் என்று பெயர். செடியில் இருப்பது கூமரின், அதற்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் குணம் கிடையாது. பூசணம்தான் அதை மாற்றுகிறது. ஆக, பாரி கேட்கும் "இயற்கை"யிலிருந்துதான் இந்தச் சரக்கே வந்தது.

அதன் உறவுப் பொருளான வார்ஃபரின் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்தது 1948ல். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்த விஸ்கான்சின் முன்னாள் மாணவர் ஆய்வு அறக்கட்டளையின் ஆங்கில முதலெழுத்துகளோடு கூமரின் என்ற சொல்லின் வாலையும் சேர்த்து வைத்த பெயர். 1951ல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்த ஓர் இளைஞர் தற்கொலை எண்ணத்தில் அதைப் பல நாள் தின்றார். வைட்டமின் கே கொடுத்ததும் பிழைத்து எழுந்தார். மனிதருக்குக் கொடுக்கலாமோ என்ற எண்ணம் வலுத்தது. 1954ல் அனுமதி. 1955ல் மாரடைப்பு வந்த அதிபர் ஐசனோவருக்கே கொடுத்தார்கள். இதில் எனக்குப் பிடித்த செய்தி: கல்லீரலில் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பது தெளிவானது 1978ல்தான். அதுவரை இருபது வருடத்துக்கு மேல் உலகமே அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது, ஏன் வேலை செய்கிறது என்று தெரியாமலே.

எலி மருந்தும் இந்த மருந்தும் ஒன்றா என்றால், அம்மா சாப்பிடுவது வார்ஃபரின் இல்லை, அதே குடும்பத்து அசெனோகூமரால்; வேலை செய்யும் விதம் ஒன்று, அளவு வேறு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் என்று தொடங்கும் பழமொழியை இங்கே யாரும் எழுதிவிடாதீர்கள், எல்லா மருந்து இழையிலும் அது வந்துவிடுகிறது. நான் சொல்ல வருவது இன்னும் குறுகலான விஷயம். பாராசிட்டமால் 500க்குப் பதில் 650 போட்டால் உங்களுக்கு வித்தியாசமே தெரியாது. பலன் தரும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் நடுவே பெரிய வீதி இருக்கிறது. அசெனோகூமராலில் அது முட்டுச்சந்து. அரை மாத்திரை கூடினாலே சுவரில் இடிக்கும். அதனால்தான் ரத்தப் பரிசோதனை.

மேலூரான்

ஒரு விஷயம். வெட்கமா இருக்கு. சேகர் அண்ணன் கேட்டதைத் திரும்ப அம்மாகிட்ட கேட்டேன். "மாத்திரையா? அது வயித்துப்போக்குக்குடா, மருந்து இல்லை"ன்னாங்க. பத்து நாளைக்கு முன்னாடி ரெண்டு நாள் பேதி. பக்கத்து வீட்டு அக்கா மெட்ரோனிடசோல் 400 வாங்கிக் கொடுத்திருக்காங்க. ஒரு நாளைக்கு மூணு, ஏழு நாள். அந்த ஒரு வாரமும் கஞ்சிதான் ஆகாரம்.

மருந்துக்கடை_சேகர்

வந்துச்சு பாருங்க! இதுதான். ரத்தத்துல புரதம் இருக்குல்ல, அதுல நம்ம மாத்திரை நூத்துக்கு 98க்கு மேல ஒட்டிக்கிட்டுதான் இருக்கும். புது மாத்திரை வந்து அந்த இடத்தைப் பிடுங்கிக்கும், பழசு வெளியே விழுந்து எக்கச்சக்கமா வேலை செய்யும்.

பாடம்_முடிந்தது

ஆளைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள் சேகர், ஆனால் காரணம் அதுவல்ல. அந்த இடம்பிடுங்கும் கதையை நானும் பல வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பிடுங்கப்பட்டு வெளியே வந்த மருந்தைக் கல்லீரல் கூடுதலாகச் சிதைத்துவிடும், சில நாளில் கணக்கு சமமாகிவிடும். நோயாளியிடம் அது பெரிதாகத் தெரிவது அபூர்வம்.

நிஜமான இடம் கல்லீரல். மருந்து ஏறும் வேகம் மட்டும் போதாது, இறங்கும் வேகமும் வேண்டும். இந்த மருந்துகளைச் சிதைப்பதில் முக்கியமான நொதி சிஒய்பி2சி9. மெட்ரோனிடசோல் அதன் வேலையைத் தடுக்கிறது. தொட்டியில் குழாய் அதே அளவுதான் திறந்திருக்கிறது, ஆனால் கீழே ஓட்டையில் துணி அடைத்துவிட்டார்கள். தண்ணீர் மட்டம் ஏறாமல் என்ன செய்யும்? அம்மா ஒரு மாத்திரைகூடக் கூடுதலாகச் சாப்பிடவில்லை என்று நீங்கள் சொன்னது முழு உண்மை. கஞ்சி சாப்பிட்ட வாரத்தில் கீரையும் காயும் இல்லை, வைட்டமின் கே வரவும் குறைந்தது. இரண்டும் ஒரே பக்கம் தள்ளியிருக்கின்றன.

வாய்வழியாகப் போட்ட எந்த மாத்திரையும் குடலைத் தாண்டிக் கல்லீரல் வழியாகத்தான் மற்ற இடங்களுக்குப் போகும். உடம்பு மருந்தை என்ன செய்கிறது என்பது ஒரு கணக்கு, மருந்து உடம்பை என்ன செய்கிறது என்பது இன்னொரு கணக்கு. மருந்தியல் முதல் வகுப்பே இதுதான், இரண்டாம் வாரமே மாணவர்கள் மறந்துவிடுவார்கள். மெட்ரோனிடசோல் கெடுத்தது முதல் கணக்கை. சேகர் சொன்ன டைக்ளோஃபெனாக் இரண்டாவதைக் கெடுக்கும்: ரத்தத் தட்டணுக்களை மந்தமாக்கும், இரைப்பைச் சுவரைப் புண்ணாக்கும். அப்போது ஐஎன்ஆர் 2.9 என்றே காட்டலாம், உள்ளே கசிந்துகொண்டிருக்கும். ஐஎன்ஆர் என்பது உறைகாரணிகளின் கணக்கு மட்டுமே, தட்டணுக்களைப் பற்றி அது எதுவும் பேசாது. இது டெஸ்டிலும் பிடிபடாது என்பதால் எனக்கு அதிகப் பயம் இதில்தான்.

பி_ஃபார்ம்_மூன்றாமாண்டு

அரை மதிப்பெண் ஏத்துக்கறேன் மேடம் 🙏 காசநோய் மருந்து ரிஃபாம்பிசின் தலைகீழாச் செய்யும்தானே?

பாடம்_முடிந்தது

ஆமாம். அது கல்லீரலை அந்த நொதியை அதிகம் தயாரிக்க வைக்கும். ஓட்டை பெரிதாகும், ஐஎன்ஆர் விழும். ஒரு வித்தியாசம் உண்டு. தடுப்பது சில நாட்களில் தெரிந்துவிடும், ஏனென்றால் இருக்கிற நொதியை அடைத்தால் போதும். புதிதாக நொதி தயாரிக்க வாரக்கணக்கு ஆகும். ரிஃபாம்பிசின் ஆரம்பித்தபின் வால்வு மாத்திரையை இரண்டு மூன்று மடங்கு ஏற்றவேண்டி வருவதுண்டு. ஆறு மாதம் முடிந்து ரிஃபாம்பிசினை நிறுத்தும்போது ஏற்றியதை இறக்க மறந்தால், அப்போதுதான் ஆபத்து.

கோவை_ராஜு

எங்க சித்தப்பா புது மாத்திரை சாப்பிடுறார், டெஸ்ட்டே கிடையாது, கீரையும் பிரச்சினை இல்லை. அதுக்கு மாத்தச் சொல்லுங்களேன்?

பாடம்_முடிந்தது

சித்தப்பாவுக்கு மெட்டல் வால்வு இருக்காது, இதயத் துடிப்புச் சீர்கேடோ காலில் ரத்தக்கட்டியோ இருக்கும். மெட்டல் வால்வுக்காரர்களிடம் அந்தப் புது மாத்திரைகளில் ஒன்றான டாபிகாட்ரானை வைத்துச் சோதித்தார்கள். ரத்தக்கட்டியும் கசிவும் இரண்டுமே அதிகமானதால் சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள், 2013ல் வெளியானது. ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டுத் துடிப்பும் தவறியவர்களிடம் இன்னொரு புது மாத்திரையான ரிவராக்சபானை ஒப்பிட்ட 2022 ஆய்விலும் பழைய மாத்திரைதான் ஜெயித்தது. வசதி குறைந்த மருந்துதான். மெட்டல் வால்வுக்கு இப்போதைக்கு வேறு கிடையாது.

வால்வுக்காரி

மேலூரான் தம்பி, கீரைன்னு பேச்சு வந்ததால சொல்றேன். அம்மா கீரையையே விட்டிருப்பாங்களே?

மேலூரான்

ஆமாக்கா. ஆபரேஷன் முடிஞ்சு வந்தப்போ யாரோ முருங்கைக்கீரை பக்கமே போகாதேன்னு சொன்னதுலேர்ந்து மூணு வருஷமா தொடல. வீட்டு வாசல்லயே மரம் நிக்குது.

வால்வுக்காரி

நானும் முதல் வருஷம் அப்படித்தான் இருந்தேன். ஐஎன்ஆர் இன்னும் மோசமா ஆடுச்சு. சும்மா இருக்குற உடம்புக்கு ஒரு நாள் கல்யாண வீட்டுல கீரை கூட்டு விழுந்தா அன்னைக்கே தள்ளாடும். இப்போ வாரம் மூணு நாள் ஒரே மாதிரி கரண்டிக் கணக்குல சாப்பிடுறேன், அதுக்கேத்த மாதிரி டாக்டர் மாத்திரை அளவை வெச்சிட்டார். சிலிண்டர் எத்தனை வருதுங்கிறது பிரச்சினை இல்லை, மாசா மாசம் ஒரே எண்ணிக்கையா வரணும். ஆனா நீங்களா நாளைக்கே மரத்தை ஒடிச்சு சமைச்சிராதீங்க, டாக்டர்கிட்ட சொல்லிட்டு மெல்ல ஆரம்பிங்க.

இன்னொண்ணு, வீட்டுல கல்யாண வயசுப் பொண்ணுங்க யாராவது இந்த மாத்திரை சாப்பிட்டா, பிள்ளை பெத்துக்க நினைக்கிறப்பவே டாக்டரைப் பார்க்கணும். முதல் மூணு மாசத்துல கருவுக்கு ஆகாது. எனக்கு அப்போ மாத்திரையை நிறுத்தி ஹெப்பாரின் ஊசிக்கு மாத்தினாங்க. தொடையில தினம் ரெண்டு. அதைப் பத்தித் தனி இழையே போடலாம்.

பச்சிலை_பாரி

நியாயமா ஒண்ணு கேட்கிறேன். அப்போ கஷாயம், லேகியம் எல்லாம்கூட இந்த ஓட்டையை அடைக்குமா, பெருசாக்குமா?

பாடம்_முடிந்தது

அடைக்கலாம், பெரிதாக்கலாம், ஒன்றுமே செய்யாமலும் போகலாம். ஒவ்வொன்றாகச் சோதிக்காமல் சொல்ல முடியாது. கல்லீரலுக்குச் செடியிலிருந்து வந்த பொருள், ஆலையிலிருந்து வந்த பொருள் என்ற பேதம் தெரியாது. எதையாவது புதிதாக ஆரம்பித்தால், கஷாயமாகவே இருந்தாலும், ஒரு வாரத்துக்குள் ஐஎன்ஆர் பார்த்துவிட வேண்டும். நல்ல கேள்வி பாரி.

மேலூரான்

மூணாம் நாள் ரிப்போர்ட் வந்துருச்சு: 3.3. எல்லாருக்கும் நன்றி. டாக்டர்கிட்ட மெட்ரோனிடசோல் விஷயத்தைச் சொன்னேன். அட்டையைக் கையில வாங்கிப் பார்த்துட்டு, பழையபடி 2 மி.கி. ஆரம்பிக்கச் சொன்னார். ஆனா அஞ்சு நாள்ல திரும்ப டெஸ்ட். "இப்போதான் சரியாயிடுச்சே, எதுக்கு?"ன்னு அம்மா கேட்டாங்க. அவர் சொல்லும் முன்னாடி நான் சொன்னேன்: துணியை எடுத்தாச்சு, தண்ணி இன்னும் கீழே இறங்கலாம். டாக்டர் ஒரு மாதிரி பார்த்தார்.

சாயங்காலம் மட்டும் ஏன் மாத்திரை போடச் சொல்றாங்கன்னு கேட்க மறந்துட்டேன்.

மருந்துக்கடை_சேகர்

காலையில ரத்தம் எடுப்பாங்க, மத்தியானம் ரிப்போர்ட் வரும், டாக்டர் அளவை மாத்தினா அன்னைக்கு ராத்திரியே மாத்திப் போட்டுடலாம். அவ்வளவுதான். அந்தப் பக்கத்து வீட்டு அக்காகிட்டேயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க.

வால்வுக்காரி

ஒரு நோட்டு வாங்கி இன்னைக்கு தேதி போட்டு 3.3ன்னு எழுதுங்க. பக்கத்துல "பேதி, மெட்ரோனிடசோல் 7 நாள், கஞ்சி"ன்னும் எழுதுங்க. என்கிட்ட இப்போ நாலாவது நோட்டு ஓடுது.